புரட்டாசியில் மீன் பொரிக்கப் போன அத்தை

சென்ற ஆவணியில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்த சித்தி மகன், அவனுக்கும் எழுபது தாண்டிவிட்டது, பக்கத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "நமக்கு ஒரு அத்தை இருந்தாங்க. புரட்டாசிச் சனிக்கெழம அன்னிக்கு, ஆர்.எஸ்.புரம் பெரிய ஊட்டுப் பொம்பளைகளுக்கு மீன் பொரிச்சுக் காட்டப் போனாங்க!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரிமாறுகிறவர் ரசம் வாளியோடு நின்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

என்னோடு படித்தவர்கள், எங்கள் வீதியில் வளர்ந்தவர்கள், உங்களில் பலர் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். கதையில் நாள் சரி, மீன் சரி. பழி மட்டும் ஆள் மாறி விழுந்திருக்கிறது. அதைத் திருத்தக்கூடியவள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. நயா பைசா வந்து பழகியிருந்தது. கிலோ வந்து இன்னும் பழகவில்லை, அம்மா ராத்தல்தான் கேட்பாள். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். வாசகர் வசதிக்காகப் பேச்சையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

தேதிப் பைத்தியம் எனக்கு அப்போதே உண்டு. முன் அறையில் தொங்கிய தினக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பது என் உரிமை. வேறு யாராவது கிழித்துவிட்டால் அன்று சோறு தின்ன மாட்டேன். கிழித்த தாள்களை எறிவதும் இல்லை. மாதவாரியாக நூலில் கட்டி, பின்பக்கத்தில் அன்று மழையா வெயிலா, வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைப்பேன். அந்தக் கட்டுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. அந்த வருஷத்துக் கட்டில் மட்டும் முந்நூற்று அறுபத்து நான்கு தாள்கள்தாம் உண்டு. குறைகிற ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மாமா, அம்மாவின் தம்பி. மில்லில் ஆள் குறைத்தபோது வேலை போய், இரண்டு வருஷம் அலைந்தார். பிறகு பவானிசாகர் அணை மீனை நகரத்தில் விற்கிற ஒரு சங்கத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அவரும் அத்தையும் அந்த வருஷம் தையிலிருந்து எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். அத்தை எங்கள் சாதிசனம்தான் என்றாலும் அவள் அப்பா ரயில்வேயில் இருந்ததால் கள்ளிக்கோட்டைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அதனால் எங்கள் உறவில் அவளுக்குப் பெயர் 'கடக்கரைக்காரி'.

அணை மீனை ஊர் சீந்தவில்லை. கட்லா, ரோகு என்று மாமா பெயர் சொல்லிப் பார்த்தார். குளத்துக் கெண்டையும், மேற்கே இருந்து ரயிலில் ஐஸ் வைத்து வரும் கடல் மீனும் தின்று பழகியவர்கள், "சேத்து நாத்தமுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கத்துச் செயலாளர் ஆடி மாதத்தில் மாமாவைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். ஆர்.எஸ்.புரத்து மாதர் சங்கத்தில் ஒரு சமையல் காட்சி வைப்பது. அதிலும் பெரிய வீடுகள் மீன் வாங்க முன்வராவிட்டால் நகரத்துக் கடையை மூடிவிடுவது. கடையை மூடினால் மாமாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இருவரும் கள்ளிக்கோட்டைக்கு, அத்தையின் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

அத்தை போய்விடுவாள் என்பதைவிடப் பெரிய செய்தி அந்த ஆடியில் எனக்கு இல்லை.

காரணம், அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள். அம்மா தன் சமையலறையில் மீன் நுழையவிட மாட்டாள். பின்பக்கம், மொந்தன் வாழைக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவில் பம்ப் ஸ்டவ்வை வைத்து அத்தை ஒத்திகை பார்ப்பாள். ருசி பார்க்கிறவள் நான்.

அவள் செய்ததைப் பார்த்தபடியே எழுதுகிறேன். மீனை விரற்கடை கனத்துக்குத் துண்டு போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவி, புளித்த மோரில் அரைமணி ஊறப் போடுவாள். சேற்று வாடை அந்த மோரோடு போய்விடும். மிளகாய் வற்றல், மிளகு, சோம்பு, பூண்டு, சின்ன வெங்காயம், கொட்டைப்பாக்கு அளவு புளி எல்லாம் அம்மியில் வெண்ணெயாக அரையும். அதை மீனில் பூசி, தட்டுப் போட்டு மூடி, நிழலில் வைப்பாள். அவளிடம் இருந்தது ஓரத்தில் பல் போன மாதிரி உடைந்த ஒரு தோசைக்கல். அது காய்ந்ததும் கடலை எண்ணெய் கொஞ்சம் விட்டு, கறிவேப்பிலையைக் கொத்துக் கொத்தாகப் பரப்பி, அதன்மேல் துண்டுகளை வைப்பாள். கல்லில் ஒட்டாமல் இருக்க அதுதான் வழி. அந்த இலை பொரிகிற சத்தமும், மிளகு எழுப்புகிற தும்மலும்!

"திருப்பட்டுமா அத்தை?"

"தொடாத. ஒரு தரந்தான் திருப்போணும். நோண்டுனா உப்புமா ஆயிரும்."

பக்கத்தில் பீங்கான் தட்டில் பச்சடி இருக்கும். ஊட்டி முட்டைக்கோசை நூல் நூலாக அரிந்து, உப்புப் பிசிறிப் பிழிந்து, அதில் அன்னாசித் துண்டு, செங்காயாக இருக்கிற கொய்யா, பம்பளிமாசுச் சுளை உதிர்த்தது, நசுக்கிய பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சை, ஒரு கிள்ளு வெல்லம். கள்ளிக்கோட்டையில் பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்திய டிரைவர் வீட்டு அம்மாள் கோசையும் அன்னாசியையும் வைத்துச் செய்வாளாம். மற்றதெல்லாம் அத்தை சேர்த்தது. காரம் நாக்கில் ஏறி நிற்கும்போது ஒரு வாய் பச்சடி. குளிர்ச்சியும் புளிப்புமாக அது இறங்கும். உடனே இன்னொரு துண்டு மீன் கேட்கும்.

அம்மா கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுவாள், "பச்சக் கோச மாடு திங்கும்னு கேள்விப்பட்டிருக்கறேன். மனுசரும் திம்பாங்களா?"

"நீங்களும் ஒரு வாய் பாருங்க அண்ணி."

"எனக்கு இன்னும் கொம்பு மொளைக்கலீம்மிணி."

ஒரு நாள் மாலை அத்தை பின்கட்டு வாசலில் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். மீன் கையோடு முன் அறைக்கு வந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது.

"கண்ணு, மாதர் சங்கத்துல ரெண்டு நாள் குடுத்திருக்காங்க. செப்டம்பர் ரெண்டாவது வியாழன், இல்லீன்னா கடைசிச் சனி. எதுல விரதமொண்ணும் இல்லைன்னு காலண்டரப் பாத்துச் சொல்லு. நாளைக்கே மாமா போயிச் சொல்லோணும்."

நான் நாற்காலி போட்டு ஏறி, தடித்த தாள்கட்டைக் கட்டை விரலால் தூக்கினேன். வியாழன் சுத்தமாக இருந்தது. விரதம் ஏதும் அச்சாகி இருக்கவில்லை. ஆனால் அந்த வாரம் எனக்குக் காலாண்டுப் பரீட்சை. அம்மா என்னை வாசல் தாண்ட விடமாட்டாள். கடைசிச் சனிக்கிழமையைத் தூக்கினேன். பரீட்சை முடிந்திருக்கும், பள்ளிக்கூடமும் இல்லை. பெரிய எழுத்தில் செப்டம்பர் 30. அதன் கீழே சின்ன எழுத்தில் 'புரட்டாசி'.

பார்த்தேன். படித்தேன்.

நம் வீடுகளில் அலுவலகம் இங்கிலீஷ் தேதியில் நடக்கும், அடுப்பு தமிழ் மாதத்தில் நடக்கும். இரண்டையும் ஒரே தாளில் பார்க்கிறவள் எங்கள் வீட்டில் நான்தான். புரட்டாசி பிறந்தால் அம்மா முட்டைகூட உடைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. 'அது நம்ம வீட்டு வழக்கம், பெரிய வீடுகளில் இருக்காது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளின் கீழ் மூலையைக் காது போல மடித்தேன். மடிப்புக்குள்ளே பென்சிலால் ஒரு வார்த்தை எழுதினேன். பின்பக்கம் ஓடிப்போய்ச் சொன்னேன்:

"வியாழக்கெழம சஷ்டி அத்தை. சனிதான் நல்லாருக்குது."

"செரி, சாமி" என்று அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். விரலில் பூண்டு வாசம்.

மறுநாளே தேதி முடிவாயிற்று. அழைப்புச் சீட்டில் மீன் என்று போட்டால் யாரும் வரமாட்டார்களோ என்று பயந்து, மாமா 'புதுமுறைச் சத்துணவுச் சமையல்' என்று அச்சடித்துக் கொடுத்தார். பிறகு அவர் அணைக்குப் போய் அங்கேயே கொட்டகையில் தங்கிவிட்டார். வலைக்காரர்களோடு தினமும் மீன் சோறு. அவருக்கு எந்த மாதம் பிறந்தது என்று யார் சொல்வார்கள்? மீன் பேச்சே பிடிக்காத அம்மா நாளைக் கேட்டதில்லை. அத்தை தனியாக ரசமும் துவையலுமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை காலையில் அம்மா வீடு கழுவி, சுவரில் நாமம் போட்டு, மாவிளக்கு வைத்தாள். அப்பா காரமடைப் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தார். வீதியில் எங்கள் வீடு மட்டும் இல்லை; எதிர் வீடு, மூலை வீடு, மாடி வீடு எல்லா வாசலிலும் துளசி மணம். பெரிய வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு என்று அன்று கண்டேன். இன்னும் முழுசாக ஒரு வாரம் இருந்தது. சொல்லியிருந்தால் மாமா ஓடிப்போய் நாளை மாற்றியிருப்பார். சொன்னால் சஷ்டி என்று பொய் சொன்னதும் வெளியே வரும். வாயைத் திறக்கவில்லை. அந்த ஏழு தாள்களின் பின்பக்கத்திலும் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தாலும் வெறுமையாக இருக்கின்றன.

இரண்டாம் சனிக்கிழமை விடிந்தது. எழுந்து காலண்டருக்கு ஓடினேன். யாரோ வெள்ளிக்கிழமைத் தாளை ஏற்கெனவே கிழித்து நாற்காலிமேல் வைத்திருந்தார்கள். சனிக்கிழமைத் தாள் தொங்கியது. நான் மடித்த காது நிமிர்ந்திருந்தது. உள்ளே பென்சிலால் எழுதியிருந்த இடத்தில் ஈரவிரலால் தேய்த்து அழித்த கறை. மஞ்சள் கறை.

அம்மா அப்போதுதான் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், "மொகங் கழுவுனியா?" என்றாள். அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அந்த நினைப்பு என்னோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது.

அத்தை பின்பக்கமிருந்து கூப்பிட்டாள். "கண்ணு, பாவாடைய மாத்திக்க. நீயும் வாரே."

குதிரை வண்டியில் போனோம். காலடியில் பெரிய கூடை. அதைத் தூக்கி வைக்கும்போது வண்டிக்காரர், "என்னம்மிணி, கல்லா கட்டியிருக்குது?" என்றார். "தோசைக்கல்லுங்கண்ணா" என்றாள் அத்தை. வழியெல்லாம் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாதர் சங்கக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. அணையிலிருந்து விடிகாலை லாரியில் வந்த மரப்பெட்டியை மாமா தூக்கி வந்து மேசையடியில் வைத்துவிட்டு, செயலாளரோடு வராந்தாவில் போய் நின்றார். மரத்தூளும் ஐஸும் அடைத்த பெட்டி. முன்வரிசையில் மில்காரரம்மா, அதாவது பெரிய மில் ஒன்றின் முதலாளி மனைவி, வைர மூக்குத்தியும் நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அங்கே தையல் சொல்லிக்கொடுக்கிற கோட்டைமேட்டுத் தையல் டீச்சர்.

அத்தை ஸ்டவ்வுக்குக் காற்றடித்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் எழுந்தது.

"கோவிந்தா... கோவிந்தா!"

நாமம் போட்ட இரண்டு சிறு பையன்கள், பித்தளைச் சொம்போடு. கூடம் முழுக்க எழுந்து கைகூப்பியது. யாரோ உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து சொம்பில் இட்டார்கள். வராந்தாவில் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அந்த நொடியில்தான் தமிழ் மாதம் உறைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மில்காரரம்மா மேசையடியைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, பொட்டில என்ன?"

"ஐசுங்கம்மா."

"ஐசுக்குள்ள?"

முன்வரிசை எட்டிப் பார்த்தது.

"அது அய்ப்பசிக்குங்கம்மா" என்றாள் அத்தை. "இன்னிக்கு இது." கூடைக்குள் கையை விட்டு ஒரு சீப்பு மொந்தன் காயை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இத மீனுன்னு நெனச்சுக்குங்க."

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. மில்காரரம்மா சிரிக்கவில்லை.

"மசாலையில வெங்காயம் பூண்டு?"

"இன்னிக்கு அரைச்சதுல போடலீங்க."

"கல்லு?"

"உங்க சங்கத்துக் கல்லுத்தானுங்க. என்ற கல்லு கூடையிலயே கெடக்குது."

"அப்பச் செரி. ஆரம்பி."

வாழைக்காயை நீளவாக்கில் சீவி, மசாலை பூசி, கறிவேப்பிலை பரப்பிய கல்லில் வைத்தாள். வைத்துக்கொண்டே ஒவ்வொரு இடத்திலும் மீன் கதையும் சொன்னாள். "இது மீனா இருந்தா முந்தியே மோருல ஊறப் போடோணுங்க. வாழக்காய்க்கு வேண்டியதில்ல. இது மீனா இருந்தா இப்பத் திருப்பக் கூடாதுங்க, ஓரம் செவக்கோணும்."

"அந்தச் சேத்து வாடை?" என்று ஒருவர் கேட்டார்.

"அத மோரு எடுத்துருமுங்க. மிச்சம் மீதி இருந்தா இந்தப் பச்சடி தொரத்திப்போடும்."

பீங்கான் தட்டுகளில் பச்சடி போயிற்று. பச்சைக் கோசா என்று முதலில் மூக்கைச் சுளித்தார்கள். மில்காரரம்மா ஒரு வாய் போட்டார். பம்பளிமாசுச் சுளை பல்லில் உடைந்திருக்க வேண்டும். கண்ணை மூடித் திறந்தார். "இன்னொரு கரண்டி வெய்யி" என்றார். அதற்குப் பிறகு யாரும் கோசைப் பற்றிக் கேட்கவில்லை. சிலர் தாளும் பென்சிலும் எடுத்து எழுதிக்கொண்டார்கள்.

காட்சி நல்லபடியாக முடிந்தது. மீன் மட்டும் ஒரு துண்டுகூட வெளியே வரவில்லை. வராந்தாப் படியில் பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"வாழக்காய் விக்கறதுக்கா உங்களச் சம்பளம் போட்டு வெச்சிருக்கறோம்?" செயலாளர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொழுதோட இந்த மீனு அழுகிப் போயிருமுங்க. நாளைக்கு நான் கமிட்டிக்கு எழுதோணும்."

அப்போது தையல் டீச்சர் முக்காட்டைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தார்.

"ஏனுங்கக்கா, அந்தப் பொட்டிய எங்க வீதிக்கு உடுங்க. எங்களுக்கு ஏது புரட்டாசி?"

அத்தை சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். "அதக் கேக்கலாம்னுதானுங்க டீச்சரம்மா, உங்களத் தேடிக்கிட்டே இருந்தேன்."

இரண்டு வண்டி பேசினோம். முன் வண்டியில் பெண்கள், பின் வண்டியில் பெட்டியும் மாமாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட செயலாளரும். கோட்டைமேட்டில் டீச்சர் வீட்டு முற்றத்தில் ஸ்டவ் ஏறியது. துணியில் சுற்றியிருந்த பல் போன கல் வெளியே வந்தது. கூடையின் அடியிலிருந்து இன்னொரு கிண்ணம் மசாலை, இது வெங்காயமும் பூண்டும் போட்டு அரைத்தது, வந்தது. டீச்சர் வீட்டுத் தயிரைக் கடைந்து மோராக்கி மீனை ஊறப் போட்டார்கள். முதல் ஈடு கல்லில் விழுந்ததும் அந்த மணம் சந்து முழுக்க ஓடியது. டீச்சர் கதவு கதவாகத் தட்டினார். ஆளுக்கொரு தட்டோடு பெண்கள் வந்தார்கள், தின்று பார்த்தார்கள், "பச்ச மீனா குடுங்க, நாங்களே பொரிச்சுக்கறோம்" என்று பாத்திரம் எடுக்க ஓடினார்கள். நான் பச்சடி பரிமாறினேன். ஒரு பெரியவர் அன்னாசியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மறுபடி தட்டை நீட்டினார். மாலைத் தொழுகைக்கு அழைப்பு வருவதற்குள் பெட்டியில் ஐஸ் மட்டும் மிஞ்சியது. அதை வீதிப் பிள்ளைகளும் நானும் ஒருவர் கழுத்தில் ஒருவர் போட்டு அலறினோம். செயலாளர் சுவரோரம் நின்று நாலாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் புரட்டாசி கிடையாது போலும், நான் கேட்கவில்லை.

"வாராவாரம் ஒரு பொட்டி உடுங்க" என்றார் டீச்சர். சரி என்றார் செயலாளர்.

வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா வாசலில் நின்றிருந்தாள். செய்தி எங்களுக்கு முன்பே வந்திருந்தது.

"எந்தப் புத்தீல தம்பி இன்னிக்கு நாளு வெச்சே? ஊரே சிரிக்குது!"

மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் அத்தைக்கும் நடுவில் நாலு அடி இருக்கும்.

"நாந்தானுங்க அண்ணி வெச்சேன்" என்றாள் அத்தை. "எங்க ஊர்ல இதெல்லாம் பாக்கறதில்ல. தெரியாம வெச்சுப்போட்டேன்."

"கடக்கரைக்காரிக்கு என்ன தெரியும்" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

அந்த நாலு அடியை நான் தாண்டவில்லை. மறுநாள் காலை சனிக்கிழமைத் தாளைக் கிழித்து, கட்டில் சேர்க்காமல், வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க, அன்னிக்கு ஐசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு" என்றார். மாமா நாலு ராத்தல் கட்லாவைக் கட்டிக் கொடுத்தார். அத்தை ஒரு டப்பாவில் பச்சடியும் கொடுத்தனுப்பினாள். ஒரு கார் வந்தால் வீதியே பார்க்கும். தை மாதத்தில் மாமாவின் வேலை நிரந்தரமாயிற்று. அவர்கள் கள்ளிக்கோட்டைக்குப் போகவில்லை. பின்கட்டில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தார்கள். நான் பெரியவளாகி, படித்து, கல்யாணமாகிப் போகும்வரை அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது.

ஆனால் 'புரட்டாசியில் மீன் பொரிக்கப் போனவள்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது. எந்த விசேஷத்திலும் யாராவது எடுத்துவிடுவார்கள். அம்மா சொல்லும்போதெல்லாம் என் பக்கம் ஒரு பார்வை விழுவதாக எனக்குத் தோன்றும். 'இப்பவாவது சொல்லு' என்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொள்வேன். அத்தை சிரித்துக்கொண்டே பந்தியில் அடுத்த இலைக்குப் போய்விடுவாள்.

அம்மா காலமாகி ஒரு வருஷம் நிறைந்தபின் அத்தை என் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினாள். மாமாவும் இல்லை அப்போது. பல் போன கல் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தது. என் கேஸ் அடுப்பில், புதுக் கல்லில், கறிவேப்பிலை பரப்பி நான் பொரித்தேன். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோசு அரிந்தாள். அந்த வயதிலும் நூல் நூலாக விழுந்தது.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சஷ்டி பொய். புரட்டாசி என்று படித்தே சொன்னேன். அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "அம்மாவுக்குத் தெரியும் அத்தை. காலண்டர்ல நான் எழுதுனத அவங்கதான் அழிச்சாங்க. மஞ்சள் வெரல் பட்டிருந்துச்சு. கடைசி வரைக்கும் அவங்களும் கேக்கல, நானும் சொல்லல."

அரிகிற சத்தம் நின்றது.

"உங்கொம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு. அந்த வெரலு என்ற வெரலு."

திரும்பினேன்.

"விடியக்காலத்துல மீனுக்கு மசாலையும் மஞ்சளும் அரைச்சுட்டு, தீப்பெட்டி கேக்க வந்தேன். அண்ணி குளிச்சுட்டு இருந்தாங்க. செவுத்துல நாமம்; போன வாரமெல்லாம் நான் முன்பக்கம் வந்ததே இல்லியே. என்னடா இதுன்னு போயித் தாளக் கிழிச்சுப் பாத்தா, புரட்டாசிச் சனி. அப்பத்தான் எனக்குக் கையுங் காலும் ஓடல. அதுக்குள்ள லாரி கெளம்பியிருக்கும், சீட்டுக் குடுத்தாச்சு. என்ன பண்ண? பின்னாடி போயி வாழத்தார வெட்டுனேன். வெங்காயம் பூண்டு இல்லாம மறுக்கா அரைச்சேன்."

அறுபத்திரண்டு வயதில் இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. தேதிகளைக் கட்டி வைக்கத் தெரிந்தவளுக்கு, ஒரு கூடைக்குள் இரண்டு மசாலை ஏன் இருந்தது என்று அத்தனை வருஷமும் கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப... நான் பொய் சொன்னது அன்னிக்கே தெரியுமா?"

"மூலையில மடிச்சிருந்தத நிமுத்திப் பாத்தேனல்ல. உங்கொம்மா பாத்திருந்தா உன்ற தோல உரிச்சிருப்பாங்க. அதான் அழிச்சேன்."

"திட்டியிருக்கலாம். வீட்டுலயே உட்டுட்டுப் போயிருக்கலாம். எதுக்கு என்னையக் கூட்டிட்டுப் போனீங்க?"

அத்தை கோசுத் தட்டை மடியிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"'நானும்'னு எழுதி வெச்சிருந்தியே சாமி. அதப் படிச்சதுக்கப்புறம் உட்டுட்டுப் போக மனசு வருமா? மீனப் பாரு. ஓரம் செவந்துருச்சு, திருப்பு."